அம்மன் தோளில் வைத்த பூவும் ஆற்று நடுத் திட்டும்

இந்த ஒரு சங்கதியை மட்டும் எழுதாமலே விட்டுவிடலாம் என்றுதான் இத்தனை வருஷமாக இருந்தேன்.

இந்தத் தொடர் ஆரம்பித்த பிறகு இரண்டு தடவை எழுத உட்கார்ந்தேன். இரண்டு தடவையும் பேனாவை மூடி வைத்துவிட்டேன். அம்மனைக் குறைத்துச் சொல்லிவிட்டேன் என்று யாராவது நினைத்துவிட்டால்? காலையில் குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, அவள் இருக்கும் திசை பார்த்துக் கும்பிடாமல் ஒரு வாய் தண்ணீர் குடிக்காத ஆள் நான். என் கையாலேயே அவளுக்கு ஒரு சிறுமை வரக்கூடாது.

என் சம்சாரம் மரகதம்தான் தைரியம் கொடுத்தாள். "நடந்ததைத்தானே எழுதப் போறீங்க. அதுக்கெல்லாம் அம்மா கோவிச்சுக்க மாட்டா" என்றாள். எழுதுகிறேன்.

ஈரப் பூ

ஐப்பசி கழிந்து கார்த்திகை பிறந்திருந்தது. ஓசூர்க் குளிர். வாயைத் திறந்தால் புகை வரும். ஏரிக்கரை மாரியம்மன் கோயில் வாசலில் பத்துப் பன்னிரண்டு வாலிபர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள். நான் உள்ளே கருவறைக்கு முன்னால் கண்ணை மூடி நின்றிருந்தேன்.

பூசாரி மாரப்பன் அம்மனுக்குத் தண்ணீர் வார்த்தார். கல் மேனி நனைந்து கறுத்தது. ஒரு செவ்வரளிப் பூவை வலது தோளில் ஒட்டவைத்தார். இன்னொன்றை இடது தோளில். பிறகு விலகி நின்றார்.

எங்கள் பக்கத்தில் இதைப் பூ வாக்குக் கேட்பது என்போம். வலது தோள் பூ முதலில் விழுந்தால் சரி. இடது தோள் பூ விழுந்தால் வேண்டாம். நிலம் வாங்குவதிலிருந்து பெண் கொடுப்பது வரைக்கும் கேட்பார்கள்.

நான் கேட்டது வேறு. "தாயே, ஆற்று நடுத் திட்டில் பிள்ளைகள் வனபோஜனம் போக வேண்டும் என்கிறார்கள். நாற்பத்தொரு பேர். அனுப்பலாமா?"

எண்ணெயும் கற்பூரமும் கலந்த அந்த வாசனை இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. கொஞ்ச நேரம் ஒன்றும் அசையவில்லை. அப்புறம் சத்தமில்லாமல் வலது தோள் பூ நழுவி அம்மன் மடியில் விழுந்தது.

வாசலில் நின்றவர்கள் குதித்தார்கள். ஒருவன் மட்டும் குதிக்கவில்லை. அதை நான் பார்த்தேன். அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான் எப்படி ஆலோசகன் ஆனேன்

இதைக் கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்ல வேண்டும்.

ஓசூருக்குப் பக்கத்தில் வாத்தியார் வேலைக்குப் படிப்பவர்களுக்கான ஆதாரப் பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. படித்தவர்கள் எல்லோரும் பதினெட்டு, இருபது வயசு ஆட்கள். சேலம் ஜில்லாவின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் வந்து விடுதியில் தங்கியிருந்தார்கள். நூல் நூற்பார்கள், தோட்டம் போடுவார்கள், காலையில் ஊரைக் கூட்டுவார்கள். இதெல்லாம் பாடத்தோடு பாடம்.

நான் அங்கே தோட்ட வேலை கற்றுக்கொடுப்பவன். நாகரசம்பட்டிக்காரன். எட்டாவதோடு என் படிப்பு முடிந்தது. கத்தரி நாற்றும் மா ஒட்டும் தெரியும், அவ்வளவுதான். பிள்ளைகள் என்னைத் 'தோட்டத்து சார்' என்பார்கள்.

பள்ளியில் மாணவர் மன்றம் உண்டு. அது ஒரு சின்ன சர்க்கார் மாதிரி நடந்தது. ஓட்டுப் போட்டு முதல் மந்திரி, உணவு மந்திரி, சுகாதார மந்திரி என்று தேர்ந்தெடுப்பார்கள். உல்லாசப் பயணம், நாடகம், விளையாட்டு எல்லாம் மந்திரி சபைதான் முடிவு செய்யும். ஆனால் ஆலோசகர் என்று ஓர் ஆசிரியர் கையெழுத்துப் போட்டால்தான் எதுவும் நடக்கும்.

முந்தின வருஷ ஆலோசகர் கணக்கு ஆசிரியர். மலை ஏறப் போன இடத்தில் ஒரு மாணவன் பாறையில் சறுக்கிக் கையை ஒடித்துக்கொண்டான். மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் காகிதம் மேல் காகிதம் வந்தது. கடைசியில் கணக்கு ஆசிரியரையே மாற்றிவிட்டார்கள். அதற்கப்புறம் அந்தப் பொறுப்பு என்றாலே ஒருவருக்கு வயிற்று வலி, ஒருவருக்குக் கண் வலி.

தலைமை ஆசிரியர் திருச்சிப் பக்கத்துக்காரர். என்னைக் கூப்பிட்டு, வேர் அறாமல் நாற்றுப் பிடுங்குகிறவர் நீர்தான், பிள்ளைகளையும் அப்படியே பார்த்துக்கொள்ளும் என்றார். எட்டாவது படித்தவன் எப்படி மாட்டேன் என்பது?

வீட்டுக்கு வந்து மரகதத்திடம் புலம்பினேன். இவர்கள் கேட்பதில் எது ஆபத்து, எது ஆபத்தில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? நாடகத்தில் தீப்பந்தம் வேண்டும் என்பார்கள். எருது விடும் விழாவுக்குப் போக வேண்டும் என்பார்கள். ஒரு கையெழுத்துத்தானே என்று போட்டுவிட்டு, ஒரு பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் அவன் தாய் முகத்தில் எப்படி விழிப்பது?

அவள் அடுப்பை ஊதிக்கொண்டே, "உங்களுக்குத் தெரியலைன்னா தெரிஞ்சவங்களைக் கேளுங்க" என்றாள்.

எனக்குத் தெரிந்து எல்லாம் தெரிந்தவள் ஏரிக்கரை அம்மன் ஒருத்திதான். மறுநாளே போய்க் கேட்க ஆரம்பித்தேன்.

ஒரு வருஷமும் சரி, சரி, சரி

ஆரம்பத்தில் பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு பழகிவிட்டார்கள். விண்ணப்பம் எழுதிக்கொண்டு, "சார், போய்க் கேட்டுட்டு வந்துடலாங்களா?" என்று அவர்களே கூப்பிடுவார்கள்.

அம்மன் தாராளமாகத்தான் இருந்தாள். தீப்பந்த நாடகத்துக்குச் சரி. எருது விடும் விழாவுக்குச் சரி. மாந்தோப்பில் மரத்துக்கு மரம் தாவும் ஒரு விளையாட்டு, அதற்கும் சரி. தேன் எடுக்கப் பாறை இடுக்கில் கயிறு கட்டி இறங்கினார்கள். அதற்குக்கூடச் சரி. வீங்கின முகத்தோடு நாலு பேர் வந்தார்கள், அவ்வளவுதான். அம்மன் நம் பிள்ளைகள் மேல் எவ்வளவு பிரியமாக இருக்கிறாள் என்று நினைத்து நினைத்து உருகுவேன்.

அந்த வருஷத்து முதல் மந்திரி முனிராஜ். பாகலூருக்கு அந்தப் பக்கம், தென்பெண்ணைக் கரையில் ஒரு கிராமம். வீட்டில் தெலுங்கு, கடைவீதியில் கன்னடம், எங்களோடு தமிழ். பேச்சில் கெட்டிக்காரன். உணவு மந்திரி ரங்கசாமி மத்தூர்க்காரன். நல்ல ஆகிருதி, பெரிய குரல். யாருக்கு எது நடந்தாலும் அதை ஒரு பாட்டாகக் கட்டிவிடுவான். தேன் எடுக்கப் போய் வீங்கின நாலு பேரும் இரண்டு மாசம் அந்தப் பாட்டிலிருந்து தப்பிக்க முடியவில்லை.

கார்த்திகை மாசம் தெலுங்குக் குடும்பங்கள் தோப்பில், மரத்தடியில் கூடிச் சமைத்துச் சாப்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். முனிராஜ் அதைப் பற்றி விடுதியில் அளந்துவிட்டிருக்கிறான். எங்கள் ஆற்றில் நடுவே ஒரு திட்டு இருக்கிறது, நாலு நீர்மருத மரம், ஒரு புங்க மரம், வருஷா வருஷம் அங்கேதான் எங்கள் வனபோஜனம், சுற்றிலும் தண்ணீர், நடுவில் நாங்கள் என்று. ரங்கசாமி அன்றே மந்திரி சபையைக் கூட்டிவிட்டான்.

அப்படித்தான் கார்த்திகையில் அந்தக் காலையில் நாங்கள் கோயிலில் நின்றோம். குதிக்காமல் நின்றவன் முனிராஜ்.

கத்தரிப் பாத்தியில்

இரண்டு நாள் கழித்து நான் கத்தரிப் பாத்திக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தேன். முனிராஜ் வந்து வரப்பில் உட்கார்ந்தான். மண்கட்டியை எடுத்து உடைத்துக்கொண்டே இருந்தான். இரண்டு நாளாக அவன் சரியாகச் சாப்பிடவில்லை என்று சமையல்காரர் சொல்லியிருந்தார்.

"சார், ஒண்ணு சொல்லணும். திட்ட மாட்டீங்களே?"

"சொல்லு."

"காலையில கேட்டா அம்மன் வேண்டாம்னு சொல்லவே மாட்டா சார்."

எனக்குப் புரியவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். அம்மன் வடக்குப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். புகை போவதற்காகக் கிழக்குச் சுவரில் ஒரு கை அகலத்துக்குச் சாளரம் வைத்திருக்கிறார்கள். காலை வெயில் அது வழியாக நேராக அவள் வலது தோளில் விழுகிறது. அந்தப் பக்கத்து ஈரம் முதலில் காய்கிறது. பூ முதலில் விழுகிறது. காலையில் கோயிலைச் சுற்றிக் கூட்டும் முறை அவனுக்கு வந்தபோது இதைக் கவனித்திருக்கிறான். மந்திரி சபையிலும் சொல்லியிருக்கிறான்.

"அப்ப சாயங்காலம் கேட்டா?"

"தெரியாது சார். உங்களைச் சாயங்காலம் கேக்க நாங்க விட்டதே இல்லை."

மண்வெட்டியை அப்படியே போட்டுவிட்டு நானும் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். தீப்பந்தம், எருது, மரம் தாவுவது, கயிறு கட்டித் தேன் எடுப்பது. ஒன்றொன்றாகக் கண் முன்னால் வந்தது. ஒரு வருஷமாக நான் கையெழுத்துப் போட்டது எல்லாம் வெயிலுக்கு.

கோபம் வந்தது. கை ஓங்கினேனோ என்னவோ, நினைவில்லை. "இத்தனை நாள் சொல்லாம இப்ப எதுக்குடா சொல்றே?" என்று கேட்டேன்.

அவன் குரல் இறங்கிவிட்டது. "கார்த்திகையில அந்தத் திட்டுல யாரும் இறங்க மாட்டாங்க சார். எங்க ஊருக்காரங்க கரையிலதான் சாப்பிடுவாங்க. நானும் ஒரு நாள்கூட அங்க போனதில்லை. பெருமைக்குச் சொல்லிட்டேன்."

அதை ரங்கசாமியிடம் சொல்வதுதானே என்றேன்.

"ஆத்தங்கரைக்காரனுக்குத் தண்ணின்னா பயம்னு பாட்டுக் கட்டிடுவான் சார். வாத்தியார் வேலைக்கு நான் எந்த ஊருக்குப் போனாலும் அந்தப் பாட்டு எனக்கு முன்னால போயிடும். அம்மனே வேண்டாம்னு சொல்லிட்டா நல்லதுன்னு இருந்தேன். சாயங்காலம் போலாம்னு எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். ரங்கசாமி வெயில் வந்ததுமே உங்களைக் கூட்டிட்டு வந்துட்டான்."

கட்டின தண்ணீர் பாத்தியை உடைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை.

அன்று வீட்டில் மரகதத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கவலையோடுதான் கேட்டாள். கேட்டு முடித்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"நம்ம கல்யாணத்துக்குப் பூக் கேட்டாங்களே, அது காலையிலயா, சாயங்காலமா?"

அது நாகரசம்பட்டிக் கோயில், அங்கே சாளரமே கிடையாது என்றேன். வெகு நேரம் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் ஒன்று மட்டும் தீரவில்லை. வனபோஜனத்துக்கு இன்னும் ஐந்தே நாள்தான். அந்தப் பிள்ளைகளைத் திட்டுக்கு அனுப்புவதா, கூடாதா? இந்தத் தடவை கேட்பதற்கு ஆளில்லை.

எருமைக்காரி கௌரம்மா

மறுநாள் முனிராஜைக் கூட்டிக்கொண்டு ஆற்றைப் பார்க்கப் போனேன். ஒரு சைக்கிள்தான். பாதி தூரம் நான் மிதித்தேன், பாதி அவன் மிதித்தான். வழியெல்லாம் ராகி அறுப்பு. வெயில் பளீரென்று அடித்தது. மேகம் என்று ஒரு பொட்டுக்கூட இல்லை.

ஆற்றைப் பார்த்ததும் எனக்கே ஆசை வந்துவிட்டது. கணுக்கால் அளவுத் தண்ணீர் மணலில் சலசலவென்று ஓடியது. நடுவில் அந்தத் திட்டு, நிழலும் காற்றுமாக. இதிலா ஆபத்து?

ஓர் அம்மாள் எருமைகளைத் தேய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். கௌரம்மா என்று பேர், முனிராஜ் வீட்டுக்குத் தூரத்து உறவு. கன்னடமும் தெலுங்கும் தமிழும் ஒரே வாயில் வரும். நாங்கள் வந்த காரியத்தைச் சொன்னதும் தேய்ப்பதை நிறுத்தினாள்.

"திட்டுல சோறாக்கப் போறீங்களா? யார் சொன்னது மேஷ்ட்ரே?"

வாத்தியாரை அந்தப் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் பழக்க தோஷத்தில், அம்மன் உத்தரவு கொடுத்தாள் என்றேன். முனிராஜ் மணலைப் பார்த்தான்.

"அந்த அம்மா ஓசூர்ல ஏரிக்கரையில இருக்கறா. ஆத்தங்கரையில இருக்கறவ நான். என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

நான் வானத்தைக் காட்டினேன். மழை இல்லையே என்றேன். அவள் சிரித்துவிட்டாள்.

"இந்த ஆத்துக்கு வானம் இங்க இல்லை மேஷ்ட்ரே, அங்க இருக்குது" என்று மைசூர் ராஜ்யம் இருக்கும் வடமேற்குப் பக்கம் கையைக் காட்டினாள். நந்தி மலைப் பக்கம் மழை பெய்தால் இங்கே நல்ல வெயிலில் ஆறு வருமாம். எப்போது என்று சொல்ல முடியாதாம். ஒரு கார்த்திகையில் காயப்போட்ட துணியெல்லாம் போனது என்றாள். வராமலே போன கார்த்திகைகளும் நிறைய உண்டு என்றும் அவளே சொன்னாள்.

வருவது முன்கூட்டியே எப்படித் தெரியும் என்று கேட்டேன். தண்ணீர் ஓரத்தில் ஒரு குச்சி நடு, விரல் அகலம் ஏறினாலும் தெரியும் என்றாள். நுரையும் சருகும் மிதந்து வரும் என்றாள். எல்லாவற்றுக்கும் மேலே எருமை. "அது படுத்திருக்கிற வரைக்கும் ஒண்ணுமில்லை. அதுவா எழுந்து கரையேறினா, நானும் பின்னாலயே ஏறிடுவேன்."

எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். கரையில் ஒரு மாந்தோப்பு இருந்தது. பின்னால் மேட்டு நிலம். தோப்பிலிருந்து மேட்டுக்கு நூற்றிருபது தப்படி. நடந்தே அளந்தேன்.

நூல் அறுந்தது

காலை நூற்பு நேரத்தில் எல்லோரும் தக்ளியோடு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அப்போது சொன்னேன். வனபோஜனம் உண்டு. திட்டில் இல்லை, கரைத் தோப்பில்.

தக்ளிகள் நின்றன. ரங்கசாமி எழுந்தான்.

"சார், பூ சரின்னுதானே விழுந்தது? நாங்க எல்லாரும் பாத்தோமே."

"ஆமாம். சரின்னுதான் விழுந்தது."

"அம்மனே உத்தரவு கொடுத்த பின்னாடி வேண்டாம்னது யாரு சார்?"

எனக்கு முன்னால் இரண்டு சுலபமான வழி இருந்தது. மறுபடி கேட்டேன், இடது பக்கம் விழுந்தது என்று சொல்லலாம். அது அம்மன் தலையில் பொய்யை வைப்பது. இல்லையென்றால் முனிராஜ் வந்து சொன்னதைச் சொல்லலாம். மூன்றாவது வரிசையில் அவன் கையில் நூல் அறுந்து தொங்கியது. அவன் அதை முடி போடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மனசுக்குள், தாயே பொறுத்துக்கொள் என்றேன்.

"நான்தான். பூ சரின்னு சொல்லுச்சு. நான் வேண்டாம்னு சொல்றேன்."

என் வாழ்க்கையில் அம்மன் பேச்சுக்கு மேலே நான் ஒரு பேச்சுப் பேசினது அன்றுதான் முதல் தடவை. அதுவும் நாற்பத்தொரு பேர் கேட்க.

"அப்ப இனிமே பூ கிடையாதா சார்?" என்றான் ரங்கசாமி.

"கும்பிடப் பூ உண்டு. பதில் சொல்ல நான் இருக்கேன்."

ரங்கசாமி முதல் மந்திரி பக்கம் திரும்பி, "நீ என்னப்பா சொல்றே?" என்றான். முனிராஜ் எழுந்து நின்றான். "சார் சொல்றதுதான் சரி. எங்க ஊருல யாரும் கார்த்திகையில அங்க இறங்க மாட்டாங்க. நானும் இறங்கினதில்லை. நான் சும்மா அளந்தேன்" என்றான்.

அவன் வாயாலேயே சொல்வான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அப்புறம் கூடமே சிரிப்பில் அதிர்ந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் பாட்டுத் தயாராகிவிட்டது. 'தண்ணின்னா பயம்' என்று அதில் எங்கேயும் வரவில்லை. 'திட்டைப் பாக்காமலே திட்டுக்கு ராஜா' என்று வந்தது. முனிராஜும் சேர்ந்துதான் பாடினான்.

வெள்ள நிலவரம்

வனபோஜனத்தன்று என் நோட்டில் இருந்ததையெல்லாம் செய்தேன். தண்ணீர் ஓரத்தில் குச்சி நட்டோம். மேலாற்றைப் பார்த்தபடி இரண்டு இரண்டு பேராகக் காவல். எல்லோரையும் ஜோடி சேர்த்தேன். விசில் ஊதினால் அவரவர் ஜோடியின் கையைப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு ஓட வேண்டும். நாற்பத்தொன்று ஒற்றைப்படை ஆயிற்றே, ரங்கசாமி மிச்சமானான். அவனுக்கு நான் ஜோடி.

அவர்கள் இதையெல்லாம் ஒரு விளையாட்டாக்கிவிட்டார்கள். அரை மணிக்கு ஒரு தடவை ரங்கசாமி அண்டா மூடியைத் தட்டித் தண்டோராப் போடுவான்.

"ஓசூர் தாலுகா மகாஜனங்களுக்கு அறிவிப்பு. ஆற்றில் வெள்ளம் எறும்புக்கு முழங்கால் அளவு. எறும்புகள் பத்திரமான இடத்துக்குப் போகவும்."

நான் முறைப்பேன். மேலும் சிரிப்பார்கள். பிதுக்குப் பருப்புக் குழம்பு கொதிக்கிற வாசனை தோப்பெல்லாம் வந்தது. அந்த வருஷத்து முதல் அவரைக்காய். நாற்பத்தொரு பேரும் உட்கார்ந்து உரித்து, ஊறவைத்துப் பிதுக்கினது. பக்கத்தில் ராகிக் களி கிண்டி உருண்டை உருண்டையாக வாழையிலையில் வைத்திருந்தார்கள்.

இலை போட்டு உட்காரும் நேரம். காவலில் இருந்தவன் கத்தினான். எருமைகள் எழுந்துவிட்டன.

பார்த்தேன். கௌரம்மாவின் எருமைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீரை உதறிக்கொண்டு கரையேறிக்கொண்டிருந்தன. விசிலை ஊதினேன்.

ஐயா, அப்படி ஓர் ஓட்டத்தை நான் பார்த்ததில்லை. இருபது ஜோடியும் கை கோத்துக்கொண்டு மேட்டுக்குப் பறந்தது. ரங்கசாமி ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் நான். என்னைப் பாதித் தூரம் இழுத்தான், மீதித் தூரம் தூக்கிக்கொண்டே போனான் என்று சொல்ல வேண்டும். மேட்டில் நின்று எண்ணினேன். நாற்பத்தொன்று. மறுபடி எண்ணினேன். நாற்பத்தொன்று.

ஆற்றைப் பார்த்தோம். கணுக்கால் தண்ணீர் முன்போலவே சலசலத்தது. குச்சி நட்ட இடத்தில் நட்டபடி நின்றது. எருமைகளுக்குப் பின்னால் கௌரம்மா நிதானமாக ஏறி வந்தாள்.

"என்ன மேஷ்ட்ரே, எல்லாரும் அங்க நிக்கறீங்க?"

எருமை எழுந்ததே என்றேன்.

"நான்தான் கூப்பிட்டேன். பால் கறக்க வேண்டாமா?"

புல்லில் விழுந்து புரண்டு சிரித்தார்கள். ரங்கசாமி அழுதுகொண்டே சிரித்தான். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் எண்ணினதை நினைத்தால் உள்ளே ஏதோ குளிர்ந்து இருந்தது. விசில் ஊதி, நான் மூச்சு வாங்குவதற்குள் நாற்பத்தொரு பேரும் என் கண் முன்னால். அந்தச் சந்தோஷத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கௌரம்மாவையும் உட்காரவைத்துத்தான் அன்று சாப்பிட்டோம். குழம்பு கொஞ்சம் அடிப்பிடித்திருந்தது. ஒருவரும் மிச்சம் வைக்கவில்லை.

திரும்பும்போது ரங்கசாமி என் பக்கத்தில் வந்து நடந்தான். பூ சரி என்ற பிறகு வேண்டாம் என்று சொல்ல உங்களுக்குப் பயமாக இல்லையா சார் என்று மெதுவாகக் கேட்டான். இருந்தது என்றேன்.

பூசாரிக்குத் தெரியும்

மறுநாள் கோயிலுக்குப் போனேன். அபராதமாக ஒரு தேங்காய் உடைத்தேன். பூசாரி மாரப்பனிடம் தயங்கித் தயங்கிச் சாளரத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் விபூதித் தட்டைக் கீழே வைத்தார்.

"அது தெரிஞ்சதுதானே. பொண்ணு குடுக்கலாமான்னு கேக்கறவங்க காலையில வருவாங்க. பங்காளியோட ராசியாப் போலாமான்னு கேக்கறவங்க பொழுது சாய வருவாங்க. அவங்கவங்க மனசு என்னன்னு அம்மாவுக்குத் தெரியாதா?"

நான் அம்மனைப் பார்த்தேன். வெயில் அவள் வலது தோளில் விழுந்திருந்தது. எனக்கு அவள்மேல் துளிகூட நம்பிக்கை குறையவில்லை. அந்தப் பிள்ளையைக் கத்தரிப் பாத்திக்கு அனுப்பினது யார் என்று நினைக்கிறீர்கள்? நான் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அதற்கப்புறம் என் வேலையை அவளிடம் கொடுத்ததில்லை. மூன்று வருஷம் ஆலோசகனாக இருந்தேன். எந்த இடத்துக்கு அனுப்பினாலும் முதலில் நான் போய்ப் பார்ப்பேன். அங்கே இருக்கிறவர்களைக் கேட்பேன். போகும் வழியில் அவளைக் கும்பிடுவேன்.

ஏன் தயங்கினேன்

சில வருஷம் கழித்து அந்தக் கோயில் திருவிழாவில் ஒருவர் மேடையில் பேசினார். பயிற்சிப் பள்ளிப் பிள்ளைகள் ஆற்றுக்குப் போனார்களாம். அம்மனின் இடது தோள் பூ விழுந்ததாம். அதை நம்பித் தோட்டத்து சார் அவர்களைக் கரையில் நிறுத்தினாராம். அடுத்த நாழிகையில் பனை உயரத்துக்கு வெள்ளம் வந்து திட்டையே அடித்துக்கொண்டு போனதாம். ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். என்னை மேடைக்குக் கூப்பிட்டு மாலை போட்டார்கள்.

நான் கையைக் கூப்பிக்கொண்டு நின்றேன். இல்லை என்று சொல்ல நா எழவில்லை. சொன்னால் அம்மனுக்குக் குறைவாகிவிடுமோ என்ற பயம். மாலையும் ருசியாகத்தான் இருந்தது, அதையும் மறைப்பானேன்? அந்தக் கதையை இன்றும் ஓசூர்ப் பக்கம் சொல்கிறார்கள். போன மாசம்கூட ஒருவர் என்னிடமே சொன்னார்.

முனிராஜ் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்று, பேரன் பேத்தி எடுத்துவிட்டார். அவருக்குக் கடிதம் போட்டு அனுமதி கேட்டேன். "என் பேரோடவே எழுதுங்க சார். நான் அளந்ததையும் எழுதுங்க" என்று பதில் போட்டிருக்கிறார். ரங்கசாமி இதைப் படித்தால் எனக்கும் ஒரு பாட்டுக் கட்டுவார். கட்டட்டும்.

படிக்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். பிள்ளைகளை வெளியே கூட்டிப் போகும் வாத்தியார் யாராவது தெரிந்தால் அவசியம் சொல்லுங்கள். ஆனால் நான் சொன்னபடியே சொல்லுங்கள். பூ வலது பக்கம்தான் விழுந்தது. வேண்டாம் என்றது நான். நாற்பத்தொரு பேர் போனார்கள், நாற்பத்தொரு பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டுத் திரும்பினார்கள்.

அன்று ஆற்றில் வெள்ளம் வரவில்லை. உங்கள் பங்குக்கு ஒரு சொம்புத் தண்ணீர்கூட அதில் ஊற்றிவிடாதீர்கள்.